ஒரே நாளில் கோயில், சர்ச், மசூதி: சென்னையைச் சுற்ற வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாப்பூரில் வீடு இருந்தால் ஒரு வசதி, ஒரு தொல்லை. இரண்டும் ஒன்றேதான்: வெளியூரிலிருந்து யார் வந்தாலும் "ஒரே நாள்ல கோயில், சர்ச், மசூதி எல்லாம் காட்டிடுங்க" என்பார்கள். சொந்தக்காரர்கள், மகளின் கல்லூரித் தோழிகள், அவர்களுடைய பெற்றோர் என்று பல வருடமாக அழைத்துப் போயிருக்கிறேன். கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு அனுப்புவதற்காக, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரே நாளில் எத்தனை இடம் பார்க்க முடியும்?

நான்கு. இழுத்துப் பிடித்தால் ஐந்து. பத்து இடம் எழுதிய பட்டியலோடு வந்தவர்கள் கடைசியில் ஆட்டோவைத்தான் நன்றாகப் பார்த்தார்கள்.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து சாந்தோம் தேவாலயத்துக்குக் கச்சேரி ரோடு வழியாக நடந்தே போய்விடலாம். நேரம்தான் சிக்கல். கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், பள்ளிவாசலில் ஐந்து வேளைத் தொழுகை, சர்ச்சில் திருப்பலி என்கிற பூசை. ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்றில் நீங்கள் இடைஞ்சலாக இருப்பீர்கள்.

அப்படியென்றால் எந்த வரிசையில் போவது?

நான் போகிற வரிசை இது. காலை ஆறரைக்குக் கபாலீஸ்வரர் கோயில். அங்கிருந்து நடந்து சாந்தோம். திரும்பி லஸ் பக்கம் வந்து பிரகாச மாதா கோயில். பத்தரை மணி வாக்கில் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல். மதியம் சாப்பிட்டு ஓய்வு. நாலு மணிக்கு மேல் பார்த்தசாரதி கோயில். திருமயிலையிலிருந்து திருவல்லிக்கேணிக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. ஆட்டோ பேரத்தில் காலை நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பள்ளிவாசலை மதியத்துக்குத் தள்ளாததற்குக் காரணம், லுஹர் என்கிற நண்பகல் தொழுகை. பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் போனால் முற்றம் அமைதியாக இருக்கும், அங்கே இருப்பவர்களுக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் இந்த வரிசை செல்லாது, ஜும்ஆ கூட்டம். ஞாயிறு காலையில் சாந்தோமில் திருப்பலி அடுத்தடுத்து நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. பிரதோஷ மாலையில் கபாலியில் நிற்கவே இடம் கிடைக்காது. என்னைக் கேட்டால் புதன், வியாழன். பிரதோஷமா என்று காலண்டரை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தில் அப்படி என்ன விசேஷம்? எங்க ஊரிலும் கோயில், சர்ச், மசூதி இருக்கே?

இருக்கும். ஆனால் இந்த ஐந்தும் ஒன்றின் கதைக்குள் ஒன்று நுழைந்துகொண்டே இருக்கும்.

பிரகாச மாதா கோயில் 1516-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தது. சென்னை என்ற நகரமே அப்போது இல்லை. கடலில் வழி தவறிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தெரிந்து கரைக்கு இட்டு வந்தது, அது மறைந்த இடத்தில் இந்தக் கோயில் என்று சொல்வார்கள். சுற்றிலும் காடாக இருந்ததால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "காட்டுக் கோயில்". இன்று வெளியே வந்தால் லஸ் முனை நெரிசல். அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சாந்தோமில் இப்போது நிற்கிற கோதிக் பாணிக் கட்டடம் 1893-இல் தொடங்கி 1896-இல் முடிந்தது. அதற்கு முன் அதே இடத்தில் 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய கோயில் இருந்தது. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மேல் எழுந்தது என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. 1986-இல் போப் இரண்டாம் அருள் சின்னப்பர் வந்து செபித்த இடம். எல்லோரும் வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நிலத்தடியில் இருக்கும் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி உண்டு. மேலே திருப்பலி நடந்தாலும் அங்கே போய் உட்காரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பெரிய பள்ளிவாசல். ஆற்காடு நவாப் வாலாஜா முகமது அலியின் குடும்பம் 1795-இல் கட்டியது. முழுக்கக் கருங்கல், மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே கல்லில் ஒரு பாரசீகக் கவிதை பொறித்திருக்கிறார்கள். அதன் எழுத்துகளுக்கு உரிய எண் மதிப்பைக் கூட்டினால் பள்ளிவாசல் கட்டிய ஹிஜ்ரி ஆண்டு வரும். எழுதியவர் ராஜா மக்கன்லால், நவாபிடம் முன்ஷியாக, அதாவது எழுத்தராக இருந்த ஓர் இந்து.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பார்த்தசாரதி. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த பல்லவன் தந்திவர்மனின் கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. மூலவர் மீசை வைத்த பெருமாள். உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள். பட்டரிடம் கேட்டால் தீபத்தைத் தூக்கிக் காட்டுவார்.

எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே உடை போதுமா?

போதும். தோளும் முழங்காலும் மறைகிற தளர்வான பருத்தி உடை. பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டாவோடு. அந்தத் துப்பட்டாதான் அன்றைக்கு முழுக்கக் கை கொடுக்கும், பள்ளிவாசலிலும் குருத்வாராவிலும் தலையை மூடிக்கொள்ளலாம். ஆண்களுக்கு வேட்டியோ பேன்ட்டோ, பையில் ஒரு கைக்குட்டை. அரைக்கால் சட்டை வேண்டாம். "வெயில்ல எவன் பேன்ட் போடுவான்" என்று வந்த ஒரு தம்பி வாசலில் இருந்தபடி நான்கு இடத்தையும் பார்த்தான்.

செருப்பு, ஷூ எங்கே விடுவது?

ஷூவே வேண்டாம். சாதாரணச் செருப்பு. கோயிலில் காப்பகம் உண்டு, பள்ளிவாசலில் படிக்குக் கீழே. சர்ச்சில் கழற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதிரி இடங்களில் நம் மக்கள் தாமாகவே வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். பதினொரு மணிக்கு மேல் கருங்கல் தரை சுடும். வயதானவர்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து வாருங்கள். இதை நான் என் மாமியாரின் பாதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

நான் இந்து இல்லை. கபாலீஸ்வரர் கோயிலுக்குள் விடுவார்களா?

ராஜகோபுரம் தாண்டி வெளிப் பிராகாரத்தில் தாராளமாகச் சுற்றலாம். வெளிநாட்டுக்காரர்கள் தினமும் வருகிறார்கள். புன்னை மரம், மயில் வடிவில் கற்பகாம்பாள் பூசை செய்யும் சிற்பம், பூம்பாவை சன்னதி எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மூலவரும் அம்பாளும் இருக்கிற உள் பகுதிக்கு இந்துக்கள் மட்டும் என்ற பலகை உண்டு. மதிக்க வேண்டியது அதைத்தான்.

"யார் கேட்கப் போறாங்க, திருநீறு பூசிக்கிட்டுப் போயிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். பழனி கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னது. சுவாமி மீது நம்பிக்கை வைத்துத் தரிசிக்க வருகிற மாற்று மதத்தவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எனக்கு அந்தப் பலகைகள் மேல் பெரிய பிரியம் இல்லை. ஆனால் விருந்தாளியாக வந்த இடத்தில் திருட்டுத்தனம் எதற்கு?

மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போகலாமா? பெண்கள்?

பெரிய பள்ளிவாசலின் முற்றத்துக்குள் போவதில் நான் ஒரு நாளும் சிரமப்பட்டதில்லை. வாசலில் இருப்பவரிடம் "பாய், பார்க்க வந்திருக்கோம், உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டால் போதும். பெரும்பாலும் அவரே கூட வந்து காட்டுவார். கேட்காமல் நுழைந்தால்தான் முகம் மாறும். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. தொழுகைக்கு முன் ஒளு செய்து சுத்தம் செய்துகொள்கிற தண்ணீர்த் தொட்டியில் நாம் கால் அலம்பக் கூடாது.

பெண்களைத் தொழுகைக் கூடத்துக்குள் விடுவது பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும். முற்றத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் அங்கே நின்றுவிடுங்கள். மசூதி தயக்கமாக இருந்தால் அண்ணா சாலையில் இருக்கிற தர்காவுக்குப் போகலாம். எல்லா மதத்துப் பெண்களும் பூவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வருவார்கள். மசூதி வேறு, தர்கா வேறு என்பதும் அப்போது புரியும். அதே சாலையில் இருக்கும் ஆயிரம் விளக்கு மசூதி ஷியா முஸ்லிம்களுடையது. அங்கே கூடுகிற மண்டபத்துக்கு ஆயிரம் எண்ணெய் விளக்கு ஏற்றியதால் வந்த பெயர், அந்த வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது.

சர்ச்சில் எல்லோரும் வரிசையாகப் போய் எதையோ வாங்கிச் சாப்பிடுகிறார்களே, நாமும் போகலாமா?

கூடாது. அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒரு தேவாலயத்தில் என் நாத்தனார் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் போய், அந்த வெள்ளை அப்பத்தை வாங்கி, ஊரில் இருக்கும் பையனுக்கு என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கோயில்பிள்ளை பதறி ஓடி வந்தார். அவருக்கு அது கிறிஸ்துவின் உடல். என் நாத்தனாருக்கு சுண்டல் மாதிரி. இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை, முன்கூட்டியே சொல்லாத என் மேல்தான்.

நற்கருணை என்று சொல்வார்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று, முதல் நற்கருணை வாங்கிய கத்தோலிக்கர்களுக்கானது. அந்த நேரத்தில் நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றபடி மெழுகுவர்த்தி ஏற்றலாம், முழந்தாளிடலாம், மாதாவுக்கு மாலை வாங்கிக் கொடுக்கலாம். பெசன்ட் நகரில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் பாதயாத்திரை வருகிற கூட்டத்தில் பொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

எங்க வழக்கத்தில் மற்ற கோயில் பிரசாதம் சாப்பிட மாட்டோம். கொடுத்தால் மறுக்கலாமா?

மறுக்கலாம். கை நீட்டாமல் "வேண்டாங்க, நன்றி" என்று சிரித்துச் சொன்னால் போதும். வாங்கிவிட்டு வெளியே வந்து தூண் ஓரம் வைத்துவிட்டுப் போவதுதான் அநாகரிகம். விபூதி, குங்குமமும் இப்படித்தான். வாங்கினால் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், தூணில் தடவாதீர்கள். (தூணில் தடவுவதை நம்மவர்களே அதிகம் செய்கிறார்கள், அது வேறு கதை.)

காலையில் அசைவம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் தடை இல்லை. கோயிலுக்குப் பெரும்பாலோர் தவிர்ப்பார்கள். திருவல்லிக்கேணியில் மதியம் இறங்கினால் பிரியாணி வாசனை நிச்சயம் இழுக்கும், மாலையில் பார்த்தசாரதி வேறு பாக்கி இருக்கும். பிரியாணியை இரவுக்குத் தள்ளிவிடுங்கள்.

பார்சிகளுடைய தீக்கோயில் ஒன்று இருக்கிறதாமே, பார்க்க முடியுமா?

வெளியிலிருந்து மட்டும். ராயபுரத்தில் இருக்கிறது, 1910-இல் திறந்தது. ஜொராஸ்ட்ரிய மதத்தவர் தவிர யாரும் உள்ளே போக முடியாது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம், விதிவிலக்கு இல்லை. தெருவின் பெயரைப் பார்ப்பதற்காகவாவது ஒரு நடை போகலாம்: மேற்கு மாதா கோயில் தெரு.

சீக்கியர், சமணர், பௌத்தர் இடங்கள்?

தி. நகர் ஜி.என். செட்டி சாலைக்குப் போனால் ஒரே சாலையில் குருத்வாராவும் சமணக் கோயிலும் பார்த்துவிடலாம். குருத்வாராவில் ஆண், பெண் எல்லோரும் தலையை மூட வேண்டும், கால் அலம்பிவிட்டுத்தான் உள்ளே. கொடுக்கிற கோதுமை அல்வாவை இரண்டு கையையும் குவித்து வாங்குங்கள். ஞாயிறு மதியம் போனால் லங்கரில் உட்கார்ந்து சாப்பிடலாம். தரையில் பந்தி, கலெக்டரும் காவலாளியும் ஒரே வரிசை. தட்டில் மிச்சம் வைக்காதீர்கள், ஒரு கை பாத்திரம் கழுவிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

சமணக் கோயிலில் தோல் பொருள் கூடாது. பெல்ட், பர்ஸ், கைக்கடிகாரப் பட்டை எல்லாம் வெளியே. இன்று சென்னையில் சமணம் என்றால் நமக்கு மார்வாடி, குஜராத்தி முகம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் மயிலாப்பூரிலேயே நேமிநாதருக்குக் கோயில் இருந்திருக்கிறது, தமிழ்ச் சமணர்கள் அவரை மயிலைநாதர் என்று பாடியிருக்கிறார்கள்.

பௌத்தத்துக்கு எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சங்கம். புத்தகயைக்குப் போகிற இலங்கை யாத்திரிகர்கள் தங்கிப் போகிற இடம், அதனால் வளாகத்தில் சிங்களப் பேச்சுதான் கேட்கும்.

யூதர்களுக்கு ஏதாவது?

இப்போது இயங்குகிற ஜெபக்கூடம் இல்லை. பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்கள் ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனில் இருந்தார்கள், பவளக்காரத் தெரு அந்த நினைவுதான். லாயிட்ஸ் சாலையில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் மிச்சம்.

இரண்டாவது நாள் இருக்கிறது. அப்போது எங்கே?

ஜார்ஜ் டவுன். வண்டி வேண்டாம், நடந்தால்தான். அரண்மனைக்காரத் தெரு என்று பலகையில் பார்ப்பீர்கள். அது அரண்மனை இல்லை, "ஆர்மீனியன்" திரிந்து அப்படி ஆகிவிட்டது. அங்கே இருக்கும் ஆர்மீனியத் தேவாலயம் 1712-இல் தொடங்கி, 1772-இல் இப்போதைய இடத்தில் கட்டியது. ஊரில் ஆர்மீனியர்கள் இல்லாததால் வழக்கமான வழிபாடு கிடையாது. முற்றமெல்லாம் கல்லறைக் கல், நடுவே மரங்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-இல் வெளியானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கே அடக்கமாகியிருக்கிறார்.

அதே தெருவில் புனித அந்தோணியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமை போனால் கூட்டம் தெருவரை நிற்கும். கச்சாலீஸ்வரர் கோயிலும் அதே தெரு. இன்னொரு தெரு தள்ளி, தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். மராட்டிய மன்னர் சிவாஜி 1677-இல் வந்து வணங்கியதாகச் சொல்லும் கோயில். அப்புறம் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயம், 1680. கோட்டைக்குள் நுழைய ஆதார் மாதிரி அடையாள அட்டை கேட்பார்கள், மறக்காதீர்கள்.

மாதவிடாய் நாளாக இருந்தால் என்ன செய்வது?

இதை எல்லோரும் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்த்தான் கேட்கிறார்கள், அதனால் எழுதியே வைக்கிறேன். சர்ச்சுக்கும் குருத்வாராவுக்கும் எந்தத் தடையும் இல்லை. இந்துக் கோயில்களிலும் சமணக் கோயில்களிலும் போகாமல் இருப்பது வழக்கம். பள்ளிவாசலில் தொழும் இடத்துக்குள் போக மாட்டார்கள். யாரும் சோதிக்கப் போவதில்லை. என் மகள் போவாள், என் அக்கா போக மாட்டாள். உங்கள் முடிவு.

வீட்டில் சாவு, தீட்டு இன்னும் கழியவில்லை. கோயிலுக்குத்தான் போகக் கூடாது, சர்ச், தர்கா போகலாமா?

அவர்களுக்கு உங்கள் தீட்டுக் கணக்கு கிடையாது. கல்லறை மேலேயே கட்டிய கோயில் சாந்தோம், தர்கா என்பதே அடக்கத்தலம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு கோணுமா என்பதுதான் கேள்வி, அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சாந்தோம் இருக்கிற இடத்தில்தான் பழைய கபாலீஸ்வரர் கோயில் இருந்ததாமே? உண்மையா?

பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது என்பதற்குப் பாடல்களே சாட்சி. சம்பந்தர் மயிலையின் மாசிக் கடலாட்டைப் பாடுகிறார். அருணகிரிநாதரும் கடலோர மயிலை என்கிறார். இப்போதைய கோயில் கடலிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்தில் பழைய கோயில் அழிந்து, பிறகு இங்கே எழும்பியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. சாந்தோம் பகுதியில் பழைய கோயில் கற்களும் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

அதற்காக, சாந்தோம் வாசலில் நின்று அங்கே செபமாலை உருட்டும் பாட்டியிடம் இதைக் கேட்காதீர்கள். கேட்டவர் ஒருவர் என்னோடு வந்தார். அந்தப் பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்டீங்களா தம்பி?" என்றார்.

போட்டோ எடுக்கலாமா?

வெளியே எங்கும் எடுக்கலாம். மூலவர், பீடம், தொழுகிற மனிதர்கள் ஆகிய மூன்றையும் எடுக்காதீர்கள். சாந்தோமின் கல்லறைச் சிற்றாலயத்திலும் வேண்டாம்.

இவ்வளவு அலைய முடியாது. எல்லா மதமும் ஒரே இடத்தில் இல்லையா?

அடையாறு பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி). 1882-இலிருந்து அதன் தலைமையிடம் அங்கேதான். வளாகத்துக்குள் இந்துக் கோயில், புத்தர் கோயில், மசூதி, தேவாலயம், ஜொராஸ்ட்ரியக் கோயில், சீக்கியர் வழிபாட்டிடம் எல்லாம் மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கின்றன. ராயபுரத்தில் வெளியே நின்றவர்களுக்கு இங்கே ஆறுதல். பார்வையாளர் நேரம் குறைவு, போகிற நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய ஆலமரம்தான் எல்லோரும் தேடுவது. அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது நிற்கின்றன. உண்மையைச் சொன்னால், அழகான தோட்டம். ஆனால் கபாலியின் நெய் வாசமும் திருவல்லிக்கேணியின் பாங்கும் அங்கே வராது.

ரம்ஜான் மாதத்தில் வருகிறோம். பெரிய பள்ளிவாசலுக்குப் போகலாமா, தொந்தரவாக இருக்குமா?

அந்த மாதம்தான் போக வேண்டும். மேலே சொன்ன காலை வரிசையை விட்டுவிட்டு, மாலையில் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் போங்கள். முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்களைக் கவனியுங்கள். ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் என்ற இடத்திலிருந்து வரும் சிந்தி இந்துக்கள் அவர்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்த வழக்கம், பல பத்து ஆண்டுகளாக நடக்கிறது. சைவச் சமையல், அவர்களே சமைத்துக் கொண்டுவருவது.

உங்களையும் உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். மக்ரிப் என்கிற மாலைத் தொழுகைக்கான பாங்குக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். திரும்பும்போது திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஆட்டோ கிடைக்காது, ரயில் நிலையம்வரை நடக்கத் தயாராக இருங்கள்.